பாடம் 12: பொத்தானா, தொடுதிரையா?

நிலை 6 (படிப்போம், பேசுவோம், விவாதிப்போம்)

1. தொடங்கும் முன்

பாடத்தைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்க.

வீட்டில் இருக்கும் டிவி ரிமோட்டைக் கையில் எடுங்க. கண்ணை மூடிக்கோங்க. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை விரலால் தேடுங்க. கிடைச்சுதா? ரெண்டு மூணு நொடியில் கிடைச்சிருக்கும்.

இப்போ அப்பா அல்லது அம்மாவோட போனை வாங்குங்க (கேட்டுட்டு வாங்குங்க!). மறுபடியும் கண்ணை மூடிக்கோங்க. திரையில் கேமராவைத் திறக்கும் படத்தைத் தொடுங்க. சரியாகத் தொட்டீங்களா? அநேகமாக இல்லை.

ஏன் இப்படி? ரெண்டு கருவியும் உங்க கையில்தான் இருந்தது. விரலும் அதே விரல்தான். ஆனால் ரிமோட்டில் மேடு பள்ளம் இருக்கிறது. விரல் அதைத் தடவிப் படிக்கிறது. போனின் கண்ணாடியில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. அங்கே விரலால் படிக்க ஒன்றும் இல்லை. கண்தான் படிக்க வேண்டும்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம். போனில் கேம் விளையாட எது நல்லது: அழுத்தும் பொத்தானா, தொடும் கண்ணாடியா? அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒருவரிடம் பொத்தான் இருந்து, மற்றவரிடம் இல்லை என்றால், அது நியாயமான போட்டியா?

2. ஓர் உரையாடல்

(ஷார்ஜாவில் ஒரு வீடு. ஜூலை மாதம். வெளியே 44 டிகிரி வெயில். அண்ணனும் தங்கையும் போனில் கார் பந்தயம் விளையாடுகிறார்கள். அண்ணனின் போனில் ஒரு கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறது.)

தங்கை: அண்ணா, இது அநியாயம்! மறுபடியும் நீயே ஜெயிச்சிட்ட.

அண்ணன்: என்ன அநியாயம்? நான் ஒழுங்காத்தானே ஓட்டினேன்.

தங்கை: உன்கிட்ட கன்ட்ரோலர் இருக்கு. நான் வெறும் கண்ணாடியைத் தடவிக்கிட்டு இருக்கேன். அந்தப் பெரிய வளைவுல என் விரல் வழுக்கிடுச்சு.

அண்ணன்: பெருநாளுக்குக் கிடைச்ச காசைச் சேர்த்து வச்சு வாங்கினேன் பாப்பா. அது தப்பா?

தங்கை: வாங்கினது தப்பு இல்ல. ஆனா ஜெயிச்சது நீயா, உன் கன்ட்ரோலரா?

அண்ணன்: (யோசிக்கிறான்) நான்தான்... அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா: (சமையலறையிலிருந்து) சண்டை போடாதீங்க. கன்ட்ரோலரை மாத்தி மாத்தி வச்சு, ஆளுக்குப் பத்து ரேஸ் ஓட்டுங்க. யார் எத்தனை ஜெயிச்சாங்கன்னு நோட்டுல எழுதுங்க. அப்புறம் பேசலாம்.

அம்மா சொன்னது நல்ல யோசனை. வாயால் வாதாடுவதைவிட எண்ணிப் பார்ப்பது மேல். அதை நீங்களும் செய்வீர்கள். அதற்கு முன், இந்த இரண்டு கருவிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வோம்.

3. பொத்தானுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கன்ட்ரோலரின் பொத்தானுக்கு அடியில், கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு ரப்பர் இருக்கும். நீங்கள் அழுத்தினால் கிண்ணம் அமுங்கும். அதன் அடியில் இருக்கும் கறுப்புத் துண்டு, கீழே உள்ள இரண்டு உலோகக் கோடுகளை இணைக்கும். மின்சாரம் ஓடும். விரலை எடுத்தால் கிண்ணம் துள்ளி எழும். இணைப்பு விட்டுப்போகும்.

கேம் எழுதும் புரோகிராமருக்கு இது ரொம்ப எளிது. பொத்தான் ஒரே ஒரு செய்திதான் சொல்லும்: அழுத்தினால் 1, விட்டால் 0. சந்தேகமே கிடையாது.

உங்கள் விரலுக்கும் பொத்தான் ஒரு செய்தி சொல்கிறது. அமுங்கும்போது ஒரு சின்ன 'டக்'. "நீ அழுத்தியது எனக்குத் தெரிந்தது" என்று அது பதில் சொல்வது போல. அதனால் உங்கள் கண் பொத்தானைப் பார்க்க வேண்டியதில்லை. சாலையைப் பார்த்தால் போதும்.

கன்ட்ரோலரில் உள்ள குச்சி, அதாவது ஜாய்ஸ்டிக், இன்னும் கெட்டி. எவ்வளவு சாய்க்கிறீர்கள் என்பதையும் அது சொல்லும். பாதி சாய்த்தால் ஆள் நடப்பார். முழுவதும் சாய்த்தால் ஓடுவார்.

4. கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

போனின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் இருக்கின்றன. சில குறுக்கே, சில நெடுக்கே. கணக்கு நோட்டில் இருக்கும் கட்டம் மாதிரி. அவற்றில் மிகச் சிறிய மின்னூட்டம் இருக்கும்.

நம் உடம்பில் உப்பும் தண்ணீரும் இருப்பதால், உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடியைத் தொட்டதும் அந்த இடத்தின் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். போனுக்குள் இருக்கும் ஒரு சில்லு, எந்தக் கட்டத்தில் மாறியது என்று கணக்குப் போடும். இதை அது ஒரு நொடிக்குப் பல முறை செய்யும். நொடிக்கு 120 முறை பார்க்கும் திரை என்றால், சுமார் 8 மில்லி நொடிக்கு ஒரு முறை பார்க்கிறது என்று அர்த்தம்.

இங்கே புரோகிராமருக்கு வேலை அதிகம். போன் "அழுத்தினார்" என்று சொல்லாது. "இடமிருந்து 820, மேலிருந்து 410, இந்தப் புள்ளியில் ஒரு விரல் இருக்கிறது" என்றுதான் சொல்லும். அந்தப் புள்ளி, திரையில் வரைந்த வட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று புரோகிராம் கணக்குப் பார்க்க வேண்டும். வட்டத்தின் ஓரத்தை விட்டு விரல் கொஞ்சம் வெளியே போனாலும், "அவர் அழுத்தவில்லை" என்று புரோகிராம் முடிவு செய்துவிடும். தங்கைக்கு அந்தப் பெரிய வளைவில் நடந்தது இதுதான்.

இதைச் சரிசெய்ய புரோகிராமர்கள் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

- பொத்தான் படத்தைவிட, தொடும் இடத்தைப் பெரிதாக வைப்பார்கள். படம் சின்னது. ஆனால் பக்கத்தில் தொட்டாலும் வேலை செய்யும்.
- ஜாய்ஸ்டிக்கை ஒரே இடத்தில் வைக்காமல், கட்டைவிரல் எங்கே இறங்குகிறதோ அங்கேயே அதை வரைவார்கள்.
- தொட்டவுடன் போனை லேசாக அதிர வைப்பார்கள். அது பொத்தானின் 'டக்'குக்குப் பதில்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆகஸ்ட் மாதம் துபாயிலோ தோஹாவிலோ பஹ்ரைனிலோ வெளியே பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். உள்ளங்கை வேர்த்துவிடும். வேர்வை என்றால் உப்புத் தண்ணீர். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் சில நேரம் போன் குழம்பிவிடும். ரப்பர் பொத்தானுக்கு வேர்வை ஒரு பொருட்டே இல்லை.

5. கொஞ்சம் வரலாறு

உங்கள் அப்பா அம்மா சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, வளைகுடாவில் பல வீடுகளில் 'ஸக்ர்' என்ற கம்ப்யூட்டர் இருந்தது. குவைத்தில் முகம்மது அல் ஷாரெக் என்பவர் 1982-இல் தொடங்கிய நிறுவனம் அதை விற்றது. அதன் விசைப்பலகையில் எழுத்து விசைகளில் அரபி எழுத்தும் ஆங்கில எழுத்தும் அச்சடித்திருக்கும். கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜைச் செருகி, அம்புக்குறி விசைகளை அழுத்தி விளையாடுவார்கள். அந்தக் காலத்தில் கேம் என்றாலே விசைதான்.

பிறகு கைப்பேசி வந்தது. 1997-இல் நோக்கியா 6110 என்ற போனில் 'பாம்பு' விளையாட்டு வந்தது. 2 அழுத்தினால் பாம்பு மேலே போகும். 8 என்றால் கீழே. 4 என்றால் இடது. 6 என்றால் வலது. நடுவில் இருக்கும் 5-ஆம் விசையில் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்க்காமலே விரல் நடு இடத்தைக் கண்டுபிடிக்க அந்த மேடு உதவும். அதைத் தொட்டு வைத்துக்கொண்டால், மற்ற நான்கும் தானாகவே கைக்கு வரும். பார்வை இல்லாதவர்களுக்கும் அது பெரிய துணை.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக்கு அருகில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஒரு பெரிய தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே பல கோடி பொத்தான் போன்கள் தயாராகின. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2014-இல் அது மூடப்பட்டது. அதற்குள் உலகம் தொடுதிரைக்கு மாறியிருந்தது. வரித் தகராறு போன்ற வேறு காரணங்களும் இருந்தன. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் வேறொரு தொழிற்சாலையில் ஐபோன்கள் தயாராகின்றன. ஒரே ஊர்: முதலில் பொத்தான் போன், பிறகு கண்ணாடி போன்.

நடுவில், 2003-இல், நோக்கியா 'என்-கேஜ்' என்று ஒரு போனை விட்டது. போனும் அதுதான், கேம் கருவியும் அதுதான். நிறையப் பொத்தான்கள் இருந்தன. ஆனால் பேச வேண்டும் என்றால் போனின் ஓரத்தைக் காதில் வைக்க வேண்டும். கேமை மாற்ற வேண்டும் என்றால் பேட்டரியையே கழற்ற வேண்டும்! மக்களுக்கு அது பிடிக்கவில்லை. பொத்தான் இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் போன் கற்றுக் கொடுத்தது.

2007-இல் ஐபோன் வந்தது. அதை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸின் வாதம் இது: பொத்தான்களை ஒரு முறை பிளாஸ்டிக்கில் பதித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கண்ணாடியில் என்றால், ஒவ்வொரு வேலைக்கும் ஏற்றபடி புதிதாக வரைந்துகொள்ளலாம்.

6. தமிழுக்குக் கண்ணாடி செய்த உதவி

அந்த வாதம் தமிழுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். நம் மொழியில் 247 எழுத்துகள். பழைய போனிலோ 12 விசைகள். அதிலும் ஆங்கில எழுத்துதான் அச்சடித்திருக்கும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அந்த 12 விசைகளுக்குள்ளேயே தமிழை அடக்கி, 'செல்லினம்' என்ற செயலியை உருவாக்கினார். 2005-இல் சிங்கப்பூரில் அது அறிமுகமானது. அது பெரிய சாதனை. ஆனால் எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பதை, பயன்படுத்துபவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடுதிரை வந்த பிறகு கதை மாறியது. விசையில் 'அ' வேண்டுமா? வரைந்துவிடலாம். அரபியில் ஒரு வரி எழுதிவிட்டு, மறுபடி தமிழுக்கு வர வேண்டுமா? ஒரு தட்டு தட்டினால் விசைப்பலகை முழுவதும் மாறிவிடும். மதுரையில் இருக்கும் ஆச்சிக்கு இன்று நீங்கள் தமிழில் செய்தி அனுப்புகிறீர்களே, அதற்குக் கண்ணாடிக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கேமிலும் இதே கதைதான். 2009-இல் வந்த 'ஆங்ரி பேர்ட்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? விரலால் கவணை இழுத்து விட வேண்டும். 2010-இல் வந்த 'ஃப்ரூட் நிஞ்ஜா'வில் விரல்தான் கத்தி. இவற்றைப் பொத்தானில் விளையாடிப் பாருங்கள், சப்பென்று இருக்கும். இவை கண்ணாடிக்காகவே பிறந்த விளையாட்டுகள்.

7. வீணையும் வயலினும்

நம் இசையிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. மெழுகின் மேல் பதித்த உலோகத் துண்டுகள் அவை. விரல் எங்கே இறங்க வேண்டும் என்று மெட்டு காட்டிக் கொடுக்கும். வயலினில் மெட்டே கிடையாது. வழவழப்பான கட்டைதான். புதிதாகக் கற்பவர் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் சுருதி விலகிவிடும். ஆனால் பல வருடம் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பார். விரலே இடத்தைக் கற்றுக்கொண்டது.

தொடுதிரையிலும் அப்படிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் முதல் 'ஈஸ்போர்ட்ஸ் வேர்ல்ட் கப்' நடந்தது. அதில் பப்ஜி மொபைல் போன்ற போன் விளையாட்டுகளும் இருந்தன (அது பெரிய பிள்ளைகளுக்கான விளையாட்டு). உலகின் பல நாடுகளிலிருந்து வந்த வீரர்கள் மேடையில் உட்கார்ந்து, வெறும் கண்ணாடியைத் தொட்டு விளையாடினார்கள். பல வீரர்கள் இரண்டு கட்டைவிரல்களோடு நிற்பதில்லை. ஆள்காட்டி விரல்களையும் வளைத்துத் திரையின் மேல்பக்கம் வைப்பார்கள். பார்க்க நண்டுக் கால் மாதிரி இருக்கும். கட்டைவிரல் நடக்கவும் திரும்பவும். ஆள்காட்டி விரல் மற்ற வேலைக்கு. இதனால் ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கும். போனைச் சாய்த்துக் குறிபார்ப்பவர்களும் உண்டு. அதற்குப் போனுக்குள் இருக்கும் 'ஜைரோஸ்கோப்' என்ற உணர்கருவி உதவுகிறது.

ஆக, பொத்தான் இல்லாவிட்டால் திறமையாக விளையாட முடியாது என்று சொல்ல முடியாது. பொத்தான் இருந்தால் சீக்கிரம் கற்கலாம். கண்ணாடிக்கு அதிகம் பழக வேண்டும்.

8. விளையாட்டுக்கு வெளியே

சில இடங்களில் இது விளையாட்டு விஷயம் இல்லை.

2017 ஆகஸ்டில், சிங்கப்பூருக்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெயின்' என்ற கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்துபோனார்கள். கப்பலைச் செலுத்தும் தொடுதிரையில் ஏற்பட்ட குழப்பமும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மாலுமிகளுக்குப் போதிய பயிற்சி இல்லாததும் ஒரு காரணம். 2019-இல், அந்த வகைக் கப்பல்களில் வேகத்தை மாற்றக் கையால் பிடிக்கும் நெம்புகோலையே மறுபடி வைப்பதாகக் கடற்படை சொன்னது.

கார்களிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் 'யூரோ என்கேப்' அமைப்பு, 2026 முதல் ஒரு புதிய விதி வைத்திருக்கிறது. ஹாரன், துடைப்பான், திரும்பும் விளக்கு போன்ற முக்கியமான வேலைகளுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண். ஷேக் சாயித் சாலையில் வேகமாகப் போகும் அப்பா, துடைப்பானைத் தேடித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? யோசியுங்கள்.

9. அப்படியென்றால் எது நியாயம்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு கேம் போட்டி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலரிடம் கன்ட்ரோலர் இருக்கிறது. சிலரிடம் இல்லை. மூன்று விதிகள் இருக்கின்றன.

விதி அ: அவரவர் கொண்டு வந்ததை வைத்து விளையாடலாம்.

விதி ஆ: யாரும் கன்ட்ரோலர் பயன்படுத்தக் கூடாது.

விதி இ: கன்ட்ரோலர் குழு தனி, தொடுதிரைக் குழு தனி.

விதி அ-வில், காசு இருப்பவருக்கு நன்மை. விதி இ-யைச் சில கேம்களே பின்பற்றுகின்றன. 'கால் ஆஃப் டியூட்டி மொபைல்' விளையாட்டில், கன்ட்ரோலர் வைத்திருப்பவரைக் கன்ட்ரோலர் வைத்திருப்பவரோடுதான் சேர்த்துவிடுவார்கள்.

விதி ஆ எளிதாகத் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே கண்ணாடி. ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பிள்ளைக்கு விரல்கள் நடுங்கும், சின்ன வட்டத்தைச் சரியாகத் தொட முடியாது என்றால்? அந்தப் பிள்ளைக்குப் பெரிய பொத்தான் இருந்தால்தான் விளையாடவே முடியும். 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. அதில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு பெரிய பொத்தான்கள். கால் மிதி, தனிக் குச்சி என்று தேவையானதை அதோடு இணைத்துக்கொள்ளலாம். காலால் விளையாடலாம், முழங்கையால் விளையாடலாம்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். மற்றவரை முந்துவதற்காக ஒரு கருவியை எடுத்தால், அதைப் போட்டியில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், அல்லது எல்லாரும் கீழே வைக்க வேண்டும். மற்றவரோடு சேர்ந்து விளையாடவே ஒரு கருவி தேவை என்றால், அதை அவர் கையிலிருந்து யாரும் பிடுங்கக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் பிள்ளையிடம், "பரீட்சையில் கண்ணாடியைக் கழற்று" என்று நாம் சொல்வதில்லையே!

நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். காரணத்தோடு சொல்லுங்கள். கேட்போம்.

10. புதிய சொற்கள்

தொடுதிரை – தொட்டால் வேலை செய்யும் திரை
விசைப்பலகை – எழுத்துகளை அழுத்தித் தட்டும் பலகை
மின்னூட்டம் – ஒரு பொருளில் தங்கியிருக்கும் மின்சாரம்
கடத்துதல் – மின்சாரத்தைத் தன் வழியாகப் போக விடுதல்
நெம்புகோல் – பிடித்துத் தள்ளும் அல்லது இழுக்கும் தண்டு
மெட்டு – வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் உலோகத் துண்டு
நியாயம் – எல்லாருக்கும் சமமான, சரியான முறை

11. பேசுவது போல, எழுதுவது போல

பேசும்போது – எழுதும்போது
ஜெயிச்சிட்ட – வென்றுவிட்டாய்
வழுக்கிடுச்சு – வழுக்கிவிட்டது
உன்கிட்ட இருக்கு – உன்னிடம் இருக்கிறது
எழுதி வைங்க – எழுதி வையுங்கள்

உரையாடலில் இருந்து இன்னும் நான்கு பேச்சுச் சொற்களை எடுத்து, எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.

12. விடை எழுதுவோம்

1. பழைய போனில் 5-ஆம் விசையில் மட்டும் ஏன் மேடு இருந்தது?
2. வேர்வை பட்டால் தொடுதிரை ஏன் குழம்புகிறது?
3. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இலும் 2014-இலும் என்ன நடந்தது?
4. தமிழ் எழுதுவதற்குத் தொடுதிரை எப்படி உதவியது? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.
5. பொத்தானை வீணையோடும் தொடுதிரையை வயலினோடும் ஒப்பிட்டது ஏன்?

13. செய்து பார்ப்போம்

அ. போன் திரையை இவற்றால் மெதுவாகத் தொடுங்கள்: விரல் நுனி, பென்சிலின் மரப்பகுதி, துணி சுற்றிய விரல், உரிக்காத வாழைப்பழம். எது வேலை செய்தது? எது செய்யவில்லை? ஏன் என்று 4-ஆம் பகுதியைப் பார்த்து எழுதுங்கள். (பிறகு திரையைத் துடைத்து வைங்க. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுடுங்க.)

ஆ. அம்மா சொன்ன சோதனை: ஒரு நண்பரோடு ஒரே கேமை, கன்ட்ரோலரில் 10 முறையும் தொடுதிரையில் 10 முறையும் விளையாடுங்கள். கன்ட்ரோலர் இல்லையென்றால், தொடுதிரையில் 10 முறை, போனைச் சாய்த்து 10 முறை. மதிப்பெண்ணைக் கட்டம் போட்டு எழுதுங்கள். ஒன்று கவனியுங்கள்: ஒன்றை மட்டும் நெடுநாள் பழகியிருந்தால், கணக்கு அந்தப் பக்கம் சாயும். அதையும் குறித்து வையுங்கள்.

இ. வீட்டில் சுற்றிப் பாருங்கள். அடுப்பு, துவைக்கும் இயந்திரம், ஏசி, லிஃப்ட், கார். எதில் பொத்தான் இருக்கிறது, எதில் தொடும் கண்ணாடி இருக்கிறது? பட்டியல் போடுங்கள். லிஃப்ட் பொத்தானின் பக்கத்தில் சின்னப் புள்ளிகள் இருந்தால், அவை யாருக்காக என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

14. விவாதம்

அடுத்த வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரிந்து, விதி அ, ஆ, இ என ஆளுக்கு ஒன்றை ஆதரித்துப் பேசுவோம். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று வாக்கியங்கள் தமிழில் பேச வேண்டும். 'ஏனென்றால்', 'ஆனால்', 'அதனால்' ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்த வேண்டும். கடைசியில் வாக்கு எடுப்போம். எந்த விதிக்கு அதிக வாக்கு விழுகிறதோ, இந்த ஆண்டுப் போட்டிக்கு அதுதான் விதி.